அளந்தவர் பெயர்

என் மனைவிக்கு இரண்டு பெயர். ஒன்று அவள் பிறந்தபோது அவள் சனங்கள் வைத்தது: கெனாங்கா. இன்னொன்று எங்கள் கல்யாணத்தன்று மாரியம்மன் கோயில் வாசலில் என் சித்தப்பா வைத்தது: லெட்சுமி. இருபத்தொரு வருடமாக நான் இரண்டாவது பெயரைத்தான் சொல்லிவந்தேன். அந்தப் பெயரால் என் மகளின் படிப்பே கவிழப் பார்த்தது. கவிழ்க்கப் பார்த்தது எதிரியோ சொந்தக்காரனோ இல்லை, நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தேடி அலைய வேண்டாம்.

என் பெயர் திருச்செல்வம். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போதும் கோபம்தான் வரும்.

நான் பிறந்தது கேரித் தீவில், செம்பனைத் தோட்டத்தில். தோட்டத்தைத் தாண்டினால் கடலோரமாக மா மெரி மக்களின் கம்பம், அதாவது கிராமம். மா மெரி என்றால் ஓராங் அஸ்லி, இந்த நாட்டின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர். கெனாங்கா அந்தக் கம்பத்துப் பெண். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடியே தமிழ் பேசப் பழகியவள். நான் கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது என் ஆட்களுக்கு முகம் சுண்டிப்போனது. "பேர மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார் சித்தப்பா. அவள் தலையாட்டினாள். தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அவளைக் கேட்டோமா என்றால், இல்லை, யாரும் கேட்கவில்லை.

இதற்குப் பதிலடி போல அந்தக் கம்பத்தில் எனக்குப் பெயரே கிடையாது. பத்தினில் தொடங்கி, பத்தின் என்றால் அவர்கள் தலைவர், பொடிப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் நான் 'கெனாங்காவின் புருஷன்'. முதல் வருடமே எரிச்சல் பொறுக்காமல், "என் பேரு திருச்செல்வம்" என்று ஒருவரிடம் சண்டை போடாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுநாள் "கெனாங்காவின் புருஷன் வந்திருக்கிறார், காப்பி போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் கல்யாணம், சாவு என்றால்தான் அந்தப் பக்கம் போவேன். கொசு வேறு அங்கே அதிகம்.

எங்களுக்கு ஒரே மகள், தாமரை. தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளி முடித்து, பல்கலைக்கழகம் புகுவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீர்வளப் பொறியியல் படிக்க இடமும் கிடைத்தது. இடம் கிடைத்தால் போதுமா? கட்டணம், விடுதி, மடிக்கணினி என்று பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலை நான் ஒரு தடவைதான் படித்தேன், மறுதடவை படிக்கத் தைரியம் வரவில்லை. உதவி கிடைக்காவிட்டால் படிப்பு இல்லை. அவ்வளவுதான் கணக்கு. தாமரைக்கும் அது தெரியும். என் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அந்த மனுப் பாரத்தை நாலாக மடித்துத் தன் பையில் வைத்திருந்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்போதுதான் அவளுடைய இயற்பியல் ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறவாரியம் இருக்கிறது. அறிவியல், தொழில்நுட்பம் படிக்கப்போகும் ஓராங் அஸ்லி பிள்ளைகளுக்கு முழு உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. "உங்கம்மா மா மெரி தானே, நீ போடலாமே" என்றாராம்.

அன்றைக்கு நான் வீட்டில் துள்ளிய துள்ளல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "மனுவ நீ நெரப்பு, கோப்பு நான் ரெடி பண்றேன்" என்று முன்னால் பாய்ந்தேன்.

எங்கள் ஆட்கள் வீட்டில் எல்லாம் ஒரு கோப்பு இருக்கும். நீல நிற அட்டை, உள்ளே பிளாஸ்டிக் உறைகள். பிள்ளை பாலர் பள்ளியில் மாறுவேடப் போட்டியில் நின்ற நாள் முதல் வாங்கிய ஒவ்வொரு சான்றிதழும் அதில் தூங்கும். கனம் கூடினால் மதிப்புக் கூடும் என்பது நம் நம்பிக்கை. தாமரையின் கோப்பில் திருமுறைப் போட்டியில் ஆறுதல் பரிசு, கோயில் சமய வகுப்பு, நூறு மீட்டர் ஓட்டம், பல் சுகாதார வாரம் வரைக்கும் இருந்தது. ஒன்றையும் விடவில்லை, அத்தனையும் அடுக்கினேன். நன்னடத்தைக்கு ஒரு கடிதம் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று கோயில் தலைவர் பக்கிரிசாமி அண்ணனிடம் ஓடினேன்.

"என்னா எழுதணும், சொல்லு லா" என்றார் அவர்.

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 'திருச்செல்வம், லெட்சுமி தம்பதியர் நம் இந்தியச் சமுதாயத்தின் நற்குடும்பத்தினர். லெட்சுமி வாரந்தோறும் கோயில் மடப்பள்ளியில் தொண்டு செய்பவர். மகள் தாமரை ஞாயிறுதோறும் சமய வகுப்புக்குத் தவறாமல் வருபவர்.' மலாயில் எழுதி, கீழே கையொப்பம் போட்டு, கோயில் சாப்பை, அதாவது முத்திரையை, ஓங்கிக் குத்தினார். ஊதா நிறத்தில் பளிச்சென்று விழுந்தது. அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்தேன். எது வைத்தாலும் சாப்பு இருக்க வேண்டும் என்பது என் சட்டம். சாப்பு இல்லாத காகிதம் சாம்பார் இல்லாத இட்லி.

பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உதவிக்கு, நாங்கள் அசல் இந்தியக் குடும்பம் என்று நானே சாப்புக் குத்தி அனுப்பியிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயோடு நிற்கவில்லை, சாப்பையும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. தாமரை சத்தமாகப் படித்தாள். தகப்பன் வேறு இனமாக இருந்து தாய் மட்டும் ஓராங் அஸ்லி என்றால், பிள்ளை அந்த மொழியைப் பேசி, அந்த மக்களோடு சேர்ந்து வாழ்கிறவராக இருக்க வேண்டும் என்பது அறவாரியத்தின் விதி. 'நீங்கள் அனுப்பிய சான்றுகள் அதற்கு நேர்மாறாக உள்ளன. பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் கெனாங்கா. பள்ளிப் பதிவிலும் கோயில் கடிதத்திலும் லெட்சுமி. வரும் வியாழன் காலை பத்தரைக்குப் பெற்றோருடன் நேரில் வந்து விளக்கவும்.'

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய அதற்குப் பிறகு பத்து நாள்தான் இருந்தது.

பள்ளிப் பதிவில் லெட்சுமி எப்படி வந்தாள்? முதலாம் ஆண்டிலிருந்து எல்லாப் பள்ளிப் பாரத்தையும் நிரப்பியவன் நான். அடையாள அட்டையைப் பார்த்தா எழுதினேன்? வாயில் வருவதை எழுதினேன்.

தப்பு என்னுடையது என்று தெரிந்த உடனே கோபம் வந்தது. அப்படித்தான் எனக்கு வரும். "நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாது?" என்று மனைவி மேல் பாய்ந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா கேப்பீங்களா?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

தாமரை எழுந்தாள். அறைக்குள் போய், மடித்து வைத்திருந்த தொழிற்சாலைப் பாரத்தை எடுத்து, மடிப்பை நீவி நிமிர்த்தி, மேசைமேல் வைத்து நிரப்ப ஆரம்பித்தாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. லோரி பிரேக் பிடிக்காமல் போன அன்றுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

வியாழக்கிழமை கிள்ளானில் ரயில் ஏறினோம். நான் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. தாமரை சுடிதார். மனைவி சேலையில், மடியில் சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரு பாசார் பையோடு. பை நல்ல கனம்.

"என்னா அது?"

"சாமான்."

"நேர்முகத்துக்குப் போறோம், பிக்னிக் போறோமா? நெத்திலிச் சம்பலா கட்டி எடுத்தாந்திருக்க?"

அவள் பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நானும் ஷா ஆலாம் வரை முணுமுணுத்துவிட்டு ஓய்ந்தேன்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் தெருவில் பூக்கடைகளைத் தாண்டி நடந்தோம். அறவாரியம் ஒரு சேலைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். வரவேற்பில் ஷாமினி என்று பெயர் அட்டை குத்திய பெண் இருந்தாள். "உக்காருங்க அங்கிள், டாக்டர் கூப்பிடுவாங்க" என்று தண்ணீர் கொடுத்தாள். என் எதிரே சுவரில் படங்கள். பட்டமளிப்பு உடையில் பிள்ளைகள். பெயருக்குக் கீழே கம்பத்தின் பெயர். ஒவ்வொரு படத்திலும் பிள்ளைக்குப் பக்கத்தில் தாயும் தகப்பனும், கேமராவைப் பார்க்கத் தெரியாமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. அந்தத் தகப்பன்களைப் பார்த்து எனக்கு வந்த பொறாமையை இப்போது சொல்லிவிடுகிறேன். என் ஆயுசில் லோரி முதலாளியைப் பார்த்துக்கூட அப்படிப் பொறாமைப்பட்டதில்லை.

எங்களை விசாரித்த டாக்டர் மெலாத்தி என்ற பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் ஓராங் அஸ்லிதான். பேராக் மலைப்பக்கம், செமாய் இனம். மண்ணியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பேச்சு மலாயில் நடந்தது. என் நீலக் கோப்பு அவர் முன்னால் திறந்திருந்தது. முதல் பக்கத்தில் ஊதாச் சாப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"ஐயா, கோபப்படாதீர்கள், கேட்பது என் கடமை" என்று ஆரம்பித்தார். "இந்த உதவிக்காக இல்லாத பாட்டனைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஓர் இடத்தைத் தவறான பிள்ளைக்குக் கொடுத்தால், எங்கோ மலையில் உண்மையான ஒரு பிள்ளை இழக்கிறது. இந்தக் கடிதத்தில் லெட்சுமி, இந்தியர், கோயில் மடப்பள்ளி. மனுவில் கெனாங்கா, மா மெரி. இரண்டில் எது உண்மை?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"ஒரு பெண்ணுக்கு எத்தனை உண்மை இருக்க முடியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பெண்டாட்டியைப் பொய்க்காரி என்கிறாரா? நாற்காலியில் முன்னால் சாய்ந்துவிட்டேன். மேசைக்கு அடியில் மனைவியின் கை என் முழங்காலைப் பிடித்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்தாள். என் கண் பக்கத்தில் இருந்த தாமரை மேல் போனது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மேசைமேல் வைத்துவிட்டு வந்த அந்தத் தொழிற்சாலைப் பாரம் ஞாபகம் வந்தது.

கோபம் அப்படியே இறங்கியது. இறங்கிய இடத்தில் வெட்கம்தான் இருந்தது.

"டாக்டர், அந்தக் கடிதம் நான் எழுதச் சொன்னது" என்றேன். "கோயில் தலைவர் மேல் குற்றமில்லை. நான் சொன்னதை நம்பி எழுதினார். என் மகள் சமய வகுப்புக்குப் போனது பத்து வயது வரைக்கும்தான். என் மனைவி மடப்பள்ளிக்குப் போவது வருடத்தில் ஒரு நாள், திருவிழாவுக்கு. லெட்சுமி என்பது அவள் பெயரே இல்லை. நாங்கள் வைத்தது. அவளைக் கேட்காமல் வைத்தது. என் மனைவியின் பெயர் கெனாங்கா."

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "சரி, ஒத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் இது பொய் என்று சொல்லிவிட்டால், மற்றது மெய் என்று ஆகிவிடாதே. மகள் கம்பத்தோடு சேர்ந்து வாழ்கிறாள் என்பதற்கு என்ன இருக்கிறது?"

அத்தனை கனமான கோப்பில் அதற்கு ஒரு தாள் இல்லை.

மனைவி மடியில் இருந்த பாசார் பையை மேசைமேல் வைத்தாள். உள்ளிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து அவிழ்த்தாள். மூன்று பள்ளி நோட்டுப் புத்தகங்கள். ஓரங்கள் சேற்றுக் கறை பிடித்து, ஈரம் பட்டு உப்பிப்போய், வாடை வேறு அடித்தது. கடற்கழி வாடை.

தாமரை பதறினாள். "அம்மா, இத ஏன் எடுத்தாந்தீங்க?"

டாக்டர் முதல் நோட்டைப் பிரித்தார். கோடு போட்ட கட்டங்கள். தேதி, நேரம், நீர் மட்டம், காற்று, அளந்தவர். பக்கம் பக்கமாக ஐந்து வருடம்.

"இது என்ன?" என்று தாமரையைக் கேட்டார்.

முதலில் தயங்கினாள். பிறகு நீரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் தயக்கம் போய்விட்டது. இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் அறிவியல் பாடத்துக்காக ஆரம்பித்ததாம். கம்பத்தில் பெரியம்மா வீட்டுக்கு முன்னால் கடற்கழியில் ஒரு கோல் நட்டு, பெயின்டில் அடையாளம் போட்டு, ஆயர் பாசாங் நேரத்தில், அதாவது கடல் ஏறும் நேரத்தில், வாரம் ஒரு தடவை அளந்திருக்கிறாள். பாடம் முடிந்தது, அளப்பது முடியவில்லை. "ஏன் என்றால் ஒரு வருடம் பெரியம்மா வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. கணக்கு வைத்தால் தெரியும் என்று நினைத்தேன். இப்போது ஓரளவுக்குத் தெரிகிறது. பத்தின் ஒவ்வொரு மாதமும் என்னைக் கேட்டுத்தான் வலைகளையும் படகு மோட்டாரையும் மேலே ஏற்றச் சொல்வார்."

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். சனி, ஞாயிறுகளில் நான் ஜொகூருக்கோ பினாங்குக்கோ போயிருப்பேன், இல்லாவிட்டால் வீட்டில் அடித்துப்போட்டது போலத் தூங்குவேன். தாயும் மகளும் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டித் தீவுக்குப் போய்வருவது தெரியும். "கொசு அடிக்கவா வாராவாரம் போறீங்க?" என்று கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை.

டாக்டர் விரலால் தேதிகளைத் தடவிக்கொண்டே போனார். ஒரு தேதியில் என் கண் நின்றது. தாமரை இடைநிலைப்பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வு எழுதிய வருடம். அவர்களுடைய முன்னோர் நாள், ஹாரி மோயாங். அன்றைக்கு அவளுக்குக் கூடுதல் கணிதத்துக்கு டியூஷன் இருந்தது. "மோயாங் வந்து கணக்குப் போட்டுக் குடுப்பாரா?" என்று நான் கத்தினேன். என்றைக்கும் எதிர்த்துப் பேசாத என் மனைவி அன்றும் பேசவில்லை. மகளை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு என் கண் முன்னால் போனாள். நான் பதினோரு நாள் அவளிடம் பேசவில்லை. அந்தத் தேதிக்கு நேராக நோட்டில் தாமரையின் எழுத்து: காலை ஒன்பது இருபது, மட்டம் இவ்வளவு, காற்று இல்லை.

"இங்கே எழுத்து மாறுகிறதே" என்றார் டாக்டர். மூன்றாவது நோட்டில், தாமரை எஸ்.டி.பி.எம். படித்த மாதங்களில், எண்கள் பெரிது பெரிதாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தது. 'அளந்தவர்' கட்டத்தில் அதுவரை தாமரையின் ஆங்கில முதல் எழுத்தாக 'டி' என்று இருந்தது 'கே' என்று ஆகியிருந்தது. "கே என்பது யார்?"

"நான்" என்றாள் என் மனைவி. "அவளுக்குப் பரீட்சை. ஒரு வாரம் விட்டால் கணக்கு ஓட்டையாகிவிடும் என்று சொன்னாள். நான் போய் அளந்தேன்."

பக்கம் பக்கமாகக் கே. மழை நாளில் கே. தீபாவளிக்கு மறுநாள் கே. அன்று நான் கறிக்குழம்பு சூடு பண்ண ஆள் இல்லை என்று கத்திய ஞாபகம். ஓர் இடத்தில்கூட எல் இல்லை. நான் எத்தனை பாரத்தில் லெட்சுமி என்று எழுதினாலும், அவள் கையால் எழுதிய இடத்தில் எல்லாம் கெனாங்காவாகவே இருந்திருக்கிறாள்.

டாக்டர் தாமரையிடம் எண் வாங்கி, கைப்பேசியில் பத்தினை அழைத்தார், ஒலிபெருக்கியில் போட்டார். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தாமரையிடம் அவர்கள் மொழியில் பேசச் சொன்னார். தனக்கு மா மெரி மொழி தெரியாது என்றும், பேசிவிட்டு அவள் பேச்சு எப்படி என்று தன்னிடம் மலாயில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

என் மகள் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தமிழில் அவள் அளந்து பேசுவாள், மலாயில் மரியாதையாகப் பேசுவாள். இந்த மொழியில் கையை ஆட்டி, இடையில் குறுக்கிட்டு, ஏதோ ஒன்றுக்கு அந்தக் கிழவரையே அதட்டினாள். அந்தப் பக்கம் அவர் ஓஹோவென்று சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். இப்படி ஒரு மகள் என் வீட்டில் இருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசியில் பத்தின் மலாயில் சொன்னார்: "டாக்டர், அவள் பேச்சுக்கு என்ன சொல்வது? என்னையே திட்டுகிறாள். போன மாதம் அவள் சொல்லியும் நான் மோட்டாரை ஏற்றவில்லை. எங்கள் பிள்ளை இல்லாமல் யார் பிள்ளை இப்படித் திட்டும்?"

டாக்டர் நோட்டுகளை அடுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது போல எனக்குத் தோன்றியது. "இதை ஏன் கோப்பில் வைக்கவில்லை?" என்று கேட்டார்.

தாமரை என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இதில் சாப்பு இல்லையே, டாக்டர்."

அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பில் ஷாமினி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்றார் டாக்டர். எழுந்து, என் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "திருமதி கெனாங்கா, இந்த நோட்டுகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். அங்கே இருக்கிறவர்கள் இதற்காக உங்களுக்கு நன்றி சொல்வார்கள். இப்போதைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்."

ரயிலில் திரும்பும்போது தாமரை ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். பாசார் பை இப்போது என் மடியில். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கெனாங்கா."

அவள் சட்டென்று திரும்பவில்லை. ஜன்னலில் சுபாங் ஜெயா கடந்துபோகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கூப்பிடறப்ப லெட்சுமின்னே கூப்பிடுங்க. பழகிப்போச்சி, நானும் திரும்பிப் பாக்கணும்ல" என்றாள். "எழுதறப்ப மட்டும் என் பேர எழுதுங்க."

"அன்னிக்கி நீ என் பேச்சக் கேட்டுப் புள்ளைய வீட்டுலயே வச்சிருந்தா, இன்னிக்கி நாம நடுத்தெருவுல நின்னிருப்போம்."

"ஆமா" என்றாள். அடக்கத்துக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை.

"ரொம்ப நன்றி" என்றேன். பெண்டாட்டிக்கு நன்றி சொல்வது எங்கள் ஆட்களிடம் வழக்கம் இல்லை. வாய் கோணிக்கொண்டுதான் வந்தது. ஆனால் நிறைந்து வந்தது. அவளுக்கு, பத்தினுக்கு, டாக்டர் மெலாத்திக்கு, பாரம் போடச் சொன்ன ஆசிரியைக்கு, மாரியம்மனுக்கு, மகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்காத அந்த மோயாங்குக்கு என்று மனசுக்குள் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தேன். கிள்ளான் வந்ததுகூடத் தெரியவில்லை. அவள்தான் எழுப்புவது போலத் தோளைத் தட்டினாள்.

செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. நான் லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். தாமரை கைப்பேசியில் அழைத்து, "அப்பா, கெடைச்சிருச்சி" என்று மட்டும் சொன்னாள். பிறகு அழுதாள். நான் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வங்காளதேசத்துத் தம்பி பயந்துபோகிற அளவுக்கு அழுதேன். ஏற்புப் பாரத்தை நான்தான் நிரப்பினேன். தாயின் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் மனைவியின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினேன். தொழிற்சாலைப் பாரத்தைத் தாமரை கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் விடுதிக்கு வேண்டிய சாமான்களின் பட்டியலை எழுதிக்கொண்டாள்.

அவளை ஜொகூரில் விட்டுவிட்டு வந்த வாரம், ஞாயிறு காலையில் மனைவிக்குக் காய்ச்சல். படுத்தபடியே மோட்டார்சைக்கிள் சாவியைத் தேடினாள்.

"படு. நான் போறேன்" என்றேன்.

"உங்களக் கொசு கடிக்குமே."

"கடிக்கட்டும்."

தீவுக்குப் போய், சேற்றில் முழங்கால் வரை இறங்கி, மகள் நட்ட கோலில் நீர் எந்த அடையாளத்தைத் தொடுகிறது என்று குனிந்து பார்த்தேன். கரையில் பத்தினும் நாலைந்து பிள்ளைகளும் வேடிக்கை பார்த்தார்கள். எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: 'அப்பா, நேரம் எழுதல. காத்து எழுதல. அளந்தவர் கட்டம் காலி.' கவர்னர் மாதிரி அதிகாரம். நேரம் எழுதினேன். காற்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. என் பெயருக்கும் 'டி'தான் முதல் எழுத்து, ஆனால் அது தாமரையுடையது.

"கெனாங்காவின் புருஷன் வந்திருக்கிறார், காப்பி போடு" என்று பத்தின் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

நான் அதையே எழுதினேன். கெனாங்காவின் புருஷன். கட்டம் போதாமல் வெளியே நீண்டது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.